நீத்தார்க்கு நாடு பட்ட கடன்

மட்டக்களப்பு வாவி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தருகே, பாலமீன்மடுவில், பழைய வெளிச்சவீடு ஒன்று உண்டு. அதனருகில் நின்று கிழக்கே நோக்கினால் வங்கக் கடல்; மேற்கே வாவி; வாவிக்கு அப்பால் வயலும் காடுமாகப் பரந்து கிடக்கும் படுவான்கரை. போரில் மடிந்தோர்க்கு ஒரு நாடு பட்டிருக்கும் கடன் யாது என்னும் வினாவுக்கு, இவ்விரு திசைகளும் இருவேறு விடைகளைத் தருகின்றன.

முதலிற் கிழக்கே பார்ப்போம். 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள், 'ஹேர்மிஸ்' என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் யப்பானிய விமானங்களின் குண்டுவீச்சினால் இக்கடலில் அமிழ்ந்தது. முந்நூறுக்கு மேற்பட்ட மாலுமிகள் மாண்டனர். கப்பல் இன்றும் கடலடியிற் கிடக்கிறது. ஆயினும் மாண்டவர் பெயர்கள் மறையவில்லை. 1917இல் நிறுவப்பட்ட போர்க்கல்லறை ஆணைக்குழு, உடல் கிடைத்தோர்க்குக் கல்லும், கடல் கொண்டோர்க்கு நினைவுச்சின்னத்திற் பெயரும் அளித்தது. பதவியாலோ இனத்தாலோ சமயத்தாலோ வேறுபாடு கூடாதென்பது அதன் கொள்கை. ஆபிரிக்க, ஆசிய வீரர் பலர்பால் அக்கொள்கை பேணப்படவில்லை என்பதை 2021இல் அவ்வாணைக்குழுவே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியது. நூறாண்டு கழிந்தும் கடன் கடனாகவே நிற்கும் என்பதற்கு இதுவே சான்று.

இக்கடமை நமக்குப் புதிதன்று. வீழ்ந்த வீரனுக்குக் கல் தேர்ந்து, நீராட்டி, நட்டு, வாழ்த்தும் முறையினைத் தொல்காப்பியம் கூறுகிறது.

இனி மேற்கே திரும்புவோம். படுவான்கரையில் ஒரு தலைமுறைக்காலம் போர் நிகழ்ந்தது. ஒரு வீட்டிற்கு ஒரு பிள்ளை என்று விடுதலைப் புலிகள் கேட்ட காலம் இருந்தது; பள்ளிச் சிறுவரும் கொண்டுசெல்லப்பட்டனர். இறந்தோர் தாண்டியடி, மாவடிமுன்மாரி முதலிய இடங்களில் விதைக்கப்பட்டனர் என்றார்கள். 2007இல் கிழக்கு முழுவதும் அரச படையினர் வசமானது, கல்லறைகள் இடித்தழிக்கப்பட்டன. மறுபுறத்தில், 1990 யூன் மாதத்திற் கிழக்கிலே சரணடைந்த பொலிசார் நூற்றுக்கணக்கிற் கொல்லப்பட்டனர். தெற்கின் சிற்றூர்களிலிருந்து வந்த படைவீரர் பலரும் இம்மண்ணில் வீழ்ந்தனர். அவர்களுக்குப் பத்தரமுல்லையில் நினைவுத்தூபி உண்டு. இடிந்த கல்லறைகளின் நிலத்திலோ, நவம்பர் 27ஆம் நாளில் தாய்மார் விளக்கேற்றி அழுகின்றனர்.

இத்தருணத்தில் வேறொரு செய்தியும் நம்மை வந்தடைகிறது. நாட்டிற் பிறப்புகள் குறைகின்றன. 1950களில் ஒரு பெண்ணுக்குச் சராசரி ஐந்து பிள்ளைகளுக்கு மேல் இருந்தனர். இன்று இரண்டளவிலோ அதனினும் குறைவாகவோ உள்ளனர். 2019இற் பதிவான பிறப்புகள் ஏறத்தாழ 319,000. 2023இல் அவை 250,000க்கும் குறைந்தன. பெண்கல்வி, காலந்தாழ்ந்த திருமணம், பொருள் நெருக்கடி, இளைஞர் வெளிநாடு செல்லுதல் எனக் காரணங்கள் பல.

இவ்விரண்டிற்கும் தொடர்பு யாதெனிற் கூறுவேன். மட்டக்களப்பில் தமிழரிடையும் முஸ்லிம்களிடையும் குடி தாய்வழியே வருவது. வீடு மகளுக்குச் சீதனமாகும். ஆறு பிள்ளைகள் பிறந்த வீட்டில் ஒருவன் போரில் இறந்தால், அவன் படத்திற்கு விளக்கேற்றச் சகோதரியர் இருந்தனர். 'இவர் எங்கள் மாமா' என்று சொல்ல அவர்தம் மக்கள் இருந்தனர். இனி அவ்வாறில்லை. ஒரே மகளும் கடல் கடந்து வாழ்கின்ற வீட்டில், முதிய தாய் கண்மூடும் நாளிற் கதவும் மூடப்படும். சுவரிலிருந்த படத்தை எடுத்துவைக்க எவரும் இரார். வீடு சுமந்த நினைவை இனி ஊரும் நாடுமே சுமத்தல் வேண்டும்.

சிலர் வேறு விடை கூறுவர்: 'பிள்ளைகளை மிகுதியாகப் பெறுங்கள், அன்றேல் நாட்டைக் காப்பார் யார்?' என்பர். முதல் உலகப் போரிற் பதின்மூன்று இலட்சத்திற்கு மேற்பட்ட வீரரை இழந்த பிரான்சு இவ்வழியிற் சென்றது. 1920இற் பல பிள்ளைகளைப் பெற்ற தாய்மார்க்குப் பதக்கம் அறிவித்தது. கருத்தடைப் பிரசாரத்தைச் சட்டத்தாற் தடுத்தது. ஆயினும் அடுத்த இருபதாண்டுகளில் அங்கே பிறப்புகள் பெருகவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் மேலும் பிள்ளை கேட்பது கடன் தீர்ப்பதாகாது; கடன்மேற் கடன் வாங்குவதாகும்.

அங்ஙனமாயின் கடன் எவ்வாறு தீரும்? இறந்தவர் எக்கொடியின் கீழ் வீழ்ந்தவராயினும் அவர் பெயர் அழியாதிருக்க வேண்டும். தாய் அச்சமின்றி அழுதற்கு ஓரிடம் வேண்டும். கைம்பெண்ணுக்கும் உறுப்பிழந்தோர்க்கும் வாழ்வு வேண்டும். இழப்பீட்டு அலுவலகத்திற்குச் சட்டம் 2018இலேயே நிறைவேறிற்று, அதன் பயன் கடைசி வீட்டின் வாசலையும் எட்டுதல் வேண்டும். இனிப் பிறக்கும் பிள்ளையை எவரும் போருக்குக் கேளாதிருத்தல் வேண்டும். தன் பிள்ளை முதுமை காணும் என்று ஒரு தாய் நம்பத்தகும் நாடே மாண்டவர்க்குக் கடன் செலுத்திய நாடாகும்.

கடலடியிற் கிடக்கும் அயல்நாட்டார்க்குப் பெயர் உண்டு. வாவிக்கு அப்பாற் கிடக்கும் நம் பிள்ளைகளுக்கும் அது கிடைக்க வேண்டாமா? தாய்மார் உயிரோடிருக்கும்போதே அதனைச் செய்வோமாக.