கைவிட வேண்டிய நேரம் எது?

(பொறுப்பாளர்களுக்கான ஒருநாள் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு பணியைத் தொடங்குவது எப்படி, ஆட்களைச் சேர்ப்பது எப்படி, வசூல் செய்வது எப்படி என்றெல்லாம் காலையிலிருந்து பேசினார்கள். எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு வேறு. தொடங்கிய பணி சரிவரவில்லை என்றால் அதை எப்போது கைவிடுவது? தலைப்பை அறிவித்ததும் முன்வரிசையில் ஒரு சகோதரர் சிரித்தார். எங்கள் ஊர் ஆம்புலன்ஸ் கதை அவருக்குத் தெரியும். அதற்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன் உலகமறிந்த ஒரு கதையைப் பார்த்து விடுவோம்.

சூயஸ் கால்வாயை வெட்டிய லெசெப்ஸ் என்ற பிரெஞ்சுக்காரரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர் பொறியாளர் அல்லர், தூதரகப் பணியில் இருந்தவர். 1859இல் தொடங்கிய சூயஸ் வேலை 1869இல் முடிந்தது. உலகமே அவரைக் கொண்டாடியது. அடுத்து பனாமாவிலும் ஒரு கால்வாய் வெட்டுவேன் என்று கிளம்பினார். 1879இல் பாரிஸில் மாநாடு கூடியபோது அவருக்கு வயது 73.

சூயஸ் தட்டையான மணல்வெளி. பனாமா அப்படியா? குறுக்கே மலை. பக்கத்தில் சாக்ரெஸ் என்ற ஆறு, மழை பெய்தால் பொங்கி வரும். சூயஸைப் போலவே கடல் மட்டத்துக்கு வெட்டி விடலாம் என்றார் லெசெப்ஸ். அந்த மாநாட்டிலேயே தெ லெபினே என்ற பொறியாளர் எழுந்து வேறொரு வழி சொன்னார். ஆற்றை அணை கட்டித் தடுத்து ஏரியாக்குங்கள், கதவு வைத்த தொட்டிகளில் தண்ணீரை நிரப்பிக் கப்பலை ஏரிக்குத் தூக்கி, மறுபக்கம் இறக்கி விடுங்கள் என்றார். பெரும்பாலோர் அதைக் காதில் வாங்கவில்லை. சூயஸை வெட்டியவருக்குப் பாடம் சொல்ல இவர் யார்?

1881இல் வேலை தொடங்கியது. வெட்ட வெட்ட மலை சரிந்தது. வெட்டிய பள்ளத்தில் மண் வந்து விழும். அதை அள்ள வேண்டும். சரிவைக் குறைக்க மேலே இன்னும் அகலமாக வெட்ட வேண்டும். வெட்டினால் அதுவும் சரியும். மலேரியாவும் மஞ்சள் காய்ச்சலும் ஆட்களை வாரிக்கொண்டு போயின. பிரெஞ்சுக்காரர்கள் வேலை செய்த காலத்தில் மாண்டவர்கள் சுமார் 20,000 பேர் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். பெரும்பாலோர் ஜமைக்கா போன்ற தீவுகளிலிருந்து கூலிக்கு வந்த ஏழைகள்.

பணம் தீர்ந்தது. நிறுத்தினாரா? மீண்டும் மக்களிடம் கடன் கேட்டார். இவ்வளவு போட்டாகி விட்டது, இன்னும் கொஞ்சம் போட்டால் முடிந்துவிடும் என்பதுதான் ஒவ்வொரு முறையும் பேச்சு. 1887இல்தான் கதவு வைத்த தொட்டிகளுக்குச் சம்மதித்தார். ஈபில் கோபுரத்தைக் கட்டிய ஈபிலை அந்த வேலைக்கு அழைத்தார்கள். ஆனால் காலம் கடந்து விட்டது. 1889இல் கம்பெனி கலைக்கப்பட்டது. பணம் போட்ட பல லட்சம் பேர் ஏமாந்து நின்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் சிறுகச் சிறுகச் சேமித்து வைத்திருந்த சாதாரண மக்கள்.

கால்வாய் வராமல் போயிற்றா? இல்லை. 1904இல் அமெரிக்கர்கள் அதை வாங்கினார்கள். கொசுவை ஒழித்தார்கள். அணை கட்டி ஏரியை உண்டாக்கினார்கள். 1914 ஆகஸ்டில் கப்பல் போனது. இன்றும் அங்கே கப்பல்கள் சுமார் 26 மீட்டர் உயரம் தூக்கப்பட்டுத்தான் கடந்து போகின்றன. 1879இல் தெ லெபினே சொன்னதன் சாரம் அதுதான்!

லெசெப்ஸ் கைவிட்டிருக்க வேண்டியது கால்வாயை அல்ல, கடல் மட்டத் திட்டத்தை. இரண்டும் ஒன்றென்று அவர் நினைத்தார். நாமும் அப்படித்தான் நினைக்கிறோம்.

இங்கே ஒரு சகோதரர் கேட்கலாம். கஷ்டம் வந்தால் உடனே விட்டுவிட்டு ஓடச் சொல்கிறீர்களா? இல்லை. சூயஸிலும் கஷ்டம் இருந்தது. காலரா வந்தது. பிரிட்டிஷார் எதிர்த்தார்கள். கட்டாய வேலைக்குக் கொண்டு வந்த ஆட்கள் பாதியில் நிறுத்தப்பட்டார்கள். உடனே நீராவியில் ஓடும் தூர்வாரும் இயந்திரங்களைக் கொண்டு வந்து வேலையைத் தொடர்ந்தார்கள். வேறுபாடு எங்கே இருக்கிறது? சூயஸில் தோண்டத் தோண்ட மிச்ச வேலை குறைந்தது. பனாமாவில் தோண்டத் தோண்ட மிச்ச வேலை கூடியது. உங்கள் கடையானாலும் சங்கமானாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். போன வருடம் இருந்த மிச்ச வேலையும் கடனும் இந்த வருடம் குறைந்திருக்கிறதா, கூடியிருக்கிறதா?

இனி ஆம்புலன்ஸ்.

2003இல் எங்கள் ஊர் ஜமாஅத் ஒரு பழைய வேனை வாங்கியது. வளைகுடாவில் இருந்த சகோதரர்கள் பணம் அனுப்பினார்கள். நான் மதரஸா ஓதி முடித்து வந்த புதிது, என்னைச் செயலாளராக்கினார்கள். வண்டியின் இரு பக்கமும் எங்கள் பெயரைப் பெரிதாக எழுதினோம். முதல் வருடம் நன்றாக ஓடியது. பிறகு எஞ்சின் வேலை. அடுத்து கியர் பாக்ஸ். அடுத்து மறுபடியும் எஞ்சின். வாங்கிய விலையை விட மெக்கானிக்குக் கொடுத்தது அதிகம். பொருளாளர் வயதானவர், மளிகைக் கடை வைத்திருந்தார். மாதா மாதம் கணக்கைப் படித்துவிட்டு, "இது சரிப்படாது" என்பார். "நல்ல காரியத்துக்குக் குறுக்கே நிற்காதீர்கள்" என்று நான் அவர் வாயை அடைப்பேன். டிரைவரும் சொன்னார். சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் பேச்சை யார் கேட்டார்கள்?

ஒருநாள் இரவு பிரசவ வலியில் இருந்த ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு போகும் வழியில் வண்டி நின்று விட்டது. பால் ஏற்றி வந்த வேனை மறித்து அதில் கொண்டு போனார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அந்தப் பெண்ணின் தகப்பனார் எங்களை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை.

அடுத்த வாரம் மஷூரா கூடியது. என்ன முடிவெடுத்திருப்போம் என்று நினைக்கிறீர்கள்? புது எஞ்சின் போடலாம் என்று பேசினோம்! போட்ட பணம் வீணாகி விடுமே, பணம் அனுப்பியவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று. அப்போது பொருளாளர் கேட்டார். "நம்மிடம் இந்த வண்டி இல்லை என்று வைத்துக் கொள்வோம். நாளைக் காலையில் ஒருவர் இதே வண்டியைச் சும்மா தருகிறேன் என்றால் வாங்குவோமா தம்பி?"

யாரும் பேசவில்லை. சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்கிற வண்டிக்கு மற்றவர்களின் அமானிதப் பணத்தை இறைத்துக் கொண்டிருந்தோம்.

2006இல் வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டோம். ஊரில் கார் வைத்திருந்த ஐந்து பேரிடம் பேசினோம். இரவு எந்நேரம் கூப்பிட்டாலும் வருவார்கள், டீசலுக்கு ஜமாஅத் கொடுக்கும். ஐந்து பேரின் போன் நம்பரைப் பள்ளிவாசல் பலகையில் எழுதிப் போட்டோம். வண்டியை விட இது நன்றாக நடந்தது. ஆரம்பிக்கும்போதே பொருளாளர் தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி எழுத வைத்தார். இத்தனை மாதம், இவ்வளவு ரூபாய், அதைத் தாண்டினால் தொடர்வதா என்று புதிதாகப் பேச வேண்டும் என்று. கூட்டம் அமைதியாக இருந்தபோது எழுதிய வரி அது. நஷ்டம் வந்த பிறகு உட்கார்ந்து எழுதியிருந்தால் ஆளுக்கொரு நியாயம் பேசியிருப்போம். 2008இல் தமிழகத்தில் 108 வந்தது. அந்த ஏற்பாட்டை ஒரே கூட்டத்தில் நிறுத்திக் கொண்டோம். யாருக்கும் வருத்தமில்லை.

உரை முடிந்ததும் ஒரு இளைஞர் கேட்டார்: பணம் அனுப்பியவர்களிடம் எப்படிச் சொன்னீர்கள்? வரவு செலவு முழுவதையும் எழுதி, இரும்புக்கடைச் சீட்டின் நகலையும் சேர்த்து ஒவ்வொருவருக்கும் கடிதம் போட்டோம். பலர் பதிலே எழுதவில்லை. ஒரு சகோதரர் மட்டும் ஒரே வரி எழுதியிருந்தார்: "இதை இரண்டு வருடத்துக்கு முன்பே ஏன் எழுதவில்லை?" அவருக்குப் பதில் எழுத எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.