வீட்டுக்கு ஓர் ஆர்க்கேட் பெட்டி

கேளிக்கைக் கூடங்களிலே ஆளுயரத்திற்கு நின்றுகொண்டு, நெற்றியில் விளக்கெரியும் பெயர்ப்பலகையும், நடுவில் ஒளிரும் திரையும், இடுப்புக்குச் சற்று மேலாக ஒரு கைப்பிடியும் சில வண்ணப் பொத்தான்களுமாக, காசு போட்டவனுக்குச் சில நிமிஷ நேரம் வேறொரு லோகத்தைத் திறந்து காட்டிய ஆர்க்கேட் பெட்டியை, வீட்டின் ஒரு மூலையில் நாமே செய்து வைத்துக்கொள்ள வேண்டுமென்று ஆசைப்படுகிறவர்கள் இப்போது பல நாடுகளிலும் பெருகியிருக்கிறார்கள். அந்த ஆசை நிறைவேறக் கூடியதே. அதிலும், பழைய பெட்டிகளைப்போல் நான்கு பேர் கைகொடுத்துத் தூக்க வேண்டிய பாரமாக இல்லாமல், ஒருவரே மாடிப்படி ஏறி எடுத்துச் செல்லும்படி இலேசாகச் செய்துகொள்ளலாம் என்பதைப்பற்றித்தான் இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

பாரத்தைக் குறைக்க விரும்புகிறவர், அந்தப் பாரம் எக்காரணத்தால் வந்து சேர்ந்தது என்பதை முதலில் விசாரித்தறிதல் அவசியம். வர்த்தக முறையில் வெளிவந்த முதல் வீடியோ ஆர்க்கேட் இயந்திரமாகிய கம்ப்யூட்டர் ஸ்பேஸ், 1971-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் தோன்றியபோது, அதன் உடலை மரத்தால் செய்யவில்லை. அதை உருவாக்கிய இருவருள் ஒருவரான நோலன் புஷ்னெல் களிமண் மாதிரியில் பிடித்துக் காட்டிய வளைவுகளைக் கண்ணாடி இழையில் வார்த்தெடுத்திருந்தார்கள். மறு ஆண்டு அவரும் டெட் டாப்னியும் தொடங்கிய அட்டாரி நிறுவனத்தில், ஆலன் அல்கார்ன் என்ற இளம் பொறியாளர் பாங் என்னும் விளையாட்டை அமைத்துக் கொடுக்க, அதைச் சன்னிவேல் நகரத்தில் ஆண்டி கேப்ஸ் என்ற மதுக்கடையில் பரீட்சார்த்தமாக வைத்தார்கள். சிறிது காலத்தில் இயந்திரம் நின்றுவிட்டதென்று செய்தி வந்தது. அல்கார்ன் போய்த் திறந்து பார்த்தால், மின்சுற்றில் யாதொரு பழுதும் இல்லை. காசு விழும் பாத்திரம் நிரம்பி வழிந்து, மேற்கொண்டு காசு இறங்க வழியின்றி அடைத்துக்கொண்டிருந்தது.

பெட்டியின் பிற்கால உருவம் முழுவதும் அந்த ஒரு சம்பவத்திலேயே அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பணம் சேரும் பொருள் ஆதலால் பூட்டும் இரும்புக் கதவும் வேண்டியிருந்தன; பொது இடத்தில் நிற்பதாதலால், தோற்றுப்போன ஆத்திரத்தில் உதைப்பவனையும், பிடித்து உலுக்குகிறவனையும், தோளைச் சாய்த்தபடி மணிக்கணக்கில் வேடிக்கை பார்ப்பவனையும் அது தாங்க வேண்டியிருந்தது; லாரியில் ஏறி ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போகவும் வேண்டியிருந்தது. ஆகவே முக்கால் அங்குலப் பலகை வழக்கமாயிற்று. அந்தப் பலகைக்குள்ளே, கண்ணாடிக் குழாய்த் திரை ஒன்று, அதன் இரும்புச் சட்டத்தோடும் மின்மாற்றியோடும், தனியே ஏறக்குறைய இருபது கிலோ எடையுடன் உட்கார்ந்திருந்தது. ஜப்பானில் டைட்டோ நிறுவனத்துக்காக டொமோஹிரோ நிஷிகாடோ 1978-இல் படைத்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் விளையாட்டின் நின்ற பெட்டியில், திரையை நேராகப் பார்ப்பதுகூட இல்லை; உள்ளே கிடந்த திரையின் பிம்பம் ஒரு கண்ணாடியில் பட்டு, பின்னாலிருந்த சந்திர மண்டலச் சித்திரத்தின் மீது மிதப்பதுபோல் தெரியும். அத்தனையும் அடங்க வேண்டுமானால் பெட்டி பெருத்துத்தான் தீர வேண்டும். நூறு கிலோவைத் தாண்டிய பெட்டிகள் அக்காலத்தில் சர்வசாதாரணம்.

வீட்டிலோ, காசும் இல்லை, கள்வனும் இல்லை, உதைப்பவனும் இல்லை. கண்ணாடிக் குழாயின் இடத்தில், தாங்கியைக் கழற்றிவிட்டால் மூன்று நான்கு கிலோவுக்கு மேற்படாத பத்தொன்பது அங்குலத் தட்டைத் திரை வந்திருக்கிறது. அலுவலகங்களில் கழித்துக் கட்டிய பழைய சதுரவாக்குத் திரைகளே இதற்கு மிகவும் பொருத்தம். அந்தக் காலத்து விளையாட்டுகள் நான்குக்கு மூன்று என்ற விகிதத்தில் வரைந்தவை. ஆயினும் பாக்மேன், டாங்கி காங் முதலியவற்றின் படம் நெட்டுவாக்கில் அமைந்தது என்பதால், திரையைப் புரட்டி நிறுத்த நினைப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். மலிவான பழைய திரைகளில் பெரும்பாலானவை மேலும் கீழுமாகச் சாய்த்துப் பார்த்தால் நிறம் மாறுகிற வகையைச் சேர்ந்தவை. அவற்றைப் புரட்டி வைத்தால் அந்தக் குறை பக்கவாட்டுக்கு வந்துவிடும். அப்போது இடப்பக்கம் நிற்பவருக்கு ஒரு நிறமும் வலப்பக்கம் நிற்பவருக்கு வேறொரு நிறமுமாகத் தெரியும். ஐ.பி.எஸ். வகைத் திரைக்கு இந்தத் தொல்லை இல்லை.

இனி மரத்துக்கு வருகிறேன். எட்டடிக்கு நாலடி அளவுள்ள பதினெட்டு மில்லிமீட்டர் எம்.டி.எஃப். என்னும் அழுத்திய மரநார்ப் பலகை ஒன்றே சுமார் நாற்பது கிலோ இருக்கும். அதே அளவில் பன்னிரண்டு மில்லிமீட்டர் பாப்லர் பிளைவுட், இருபது கிலோவைத் தாண்டாது. பலகையை மெலிதாக்கினால் காரியம் முடிந்தது என்று இதைக் கேட்டவுடன் தோன்றும். ஆனால் பலகையின் கனம் பாதியானால் எடை பாதியாகிறது. வளைந்து கொடுக்காமல் நிற்கும் சக்தியோ எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது. இந்தக் கணக்கை அறியாமல் மெல்லிய பலகையை வாங்கி ஆணியடித்துச் சேர்த்தவர்களின் பெட்டி, பொத்தானைத் தட்டும்போதெல்லாம் திரையோடு சேர்ந்து நடுங்கும். அதற்குப் பரிகாரம் பலகையின் கனத்தில் இல்லை, ஓரங்களில் இருக்கிறது. பக்கப் பலகையின் உட்புற விளிம்புகளில் ஓர் அங்குலச் சதுர ரீப்பரை மரப்பசையும் திருகும் கொண்டு சுற்றிலும் பொருத்திவிட்டால், ஒன்பது மில்லிமீட்டர்ப் பலகைகூடப் பதினெட்டைப்போல் விறைத்து நிற்கும். கதவு செய்யும் ஆசாரிகள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் காரியம் இதுவே: சட்டம் பாரத்தைத் தாங்குகிறது, நடுப்பலகை இடத்தை மூடுகிறது.

பின்பலகையைப் பலரும் அலட்சியம் செய்வார்கள். சுவரைப் பார்த்து நிற்பதுதானே என்று திரைச்சீலை தொங்கவிடுகிறவர்களும் உண்டு. என் அபிப்பிராயத்தில், இலேசான பெட்டியின் பிரதான அங்கம் அதுதான். நான்கு பலகைகளைச் சதுரமாகச் சேர்த்தால், மூலைகள் எவ்வளவு இறுகியிருந்தாலும், மேலே தள்ளும்போது சதுரம் சாய்சதுரமாகப் பார்க்கும். அதன் முதுகில் ஆறு மில்லிமீட்டர் பிளைவுட் ஒன்றை நான்கு விளிம்பிலும் பசையிட்டுத் திருகிவிட்டால், அந்தச் சாய்வு அறவே நின்றுபோகும். அனல் வெளியேறுவதற்காக அதன் மேற்பாதியிலும் கீழ்ப்பாதியிலும் சில துவாரங்கள் இடலாமே தவிர, பாதிப் பலகையை வெட்டி எடுத்துவிடக் கூடாது.

பழைய பெட்டியின் பாரம் யாரும் கேளாமலே செய்துகொண்டிருந்த உபகாரம் ஒன்று உண்டு. அது கவிழாமல் நின்றது. விளையாடுகிறவர் நெருக்கடியான கட்டத்தில் இரு கைகளாலும், கைப்பிடியும் பொத்தான்களும் பதிந்த கைப்பலகையின் மேல் உடல் முழுவதையும் சாய்த்துவிடுவார். அந்தப் பலகையோ அடிப்பாகத்தைவிட முன்னுக்கு நீண்டிருக்கிறது. முப்பது கிலோப் பெட்டி ஒன்றின் எடைமையம் அடிப்பாகத்தின் முன்விளிம்பிலிருந்து இருபத்தைந்து சென்டிமீட்டர் உள்ளே தள்ளி இருப்பதாகவும், கைப்பலகை அந்த விளிம்பைத் தாண்டிப் பதினைந்து சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். அந்தப் பலகையின் நுனியில் ஐம்பது கிலோவுக்கு மேல் பாரம் இறங்கினால் பெட்டி முன்னால் கவிழும். அதே உருவத்தில் நூறு கிலோப் பெட்டி என்றால், நூற்றறுபத்தாறு கிலோவுக்கு மேல் இறங்கினால்தான் கவிழும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இது விளையாட்டுப் பேச்சன்று. ஆகவே இலேசான பெட்டி செய்கிறவர், அடிப்பாகத்தைக் கைப்பலகையின் நுனி வரையில் முன்னுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அழகுக்குக் குறைவென்று தோன்றினால், இரண்டு கால்களையாவது நீட்டிவிட வேண்டும். அத்துடன், முதுகில் இரண்டு எல் வடிவக் கிளாம்ப் வைத்துச் சுவரோடு முடுக்கிவிட்டால் கவலையற்று இருக்கலாம்.

இவ்வளவும் யோசித்த பிறகு, ஒரே பெட்டியாகச் செய்வதைவிட இரண்டு பாகமாகச் செய்வதே மேல் என்ற முடிவுக்கு நான் வந்திருக்கிறேன். திரை, கைப்பலகை, ஒலிபெருக்கி எல்லாம் அடங்கிய மேற்பாகம் ஒன்று. அதைத் தாங்கும் வெறும் பீடம் ஒன்று. மேற்பாகம் பதினைந்து கிலோவுக்குள் அடங்கிவிடும். பீடத்தின் மேல் வைத்து நான்கு போல்ட்டுகளால் இறுக்கினால் இரண்டும் ஓருடலாகிவிடும். வீடு மாற்றும்போது போல்ட்டைக் கழற்றினால் போதும்.

கைப்பலகையில் மட்டும் சிக்கனம் கூடாது. மற்ற இடத்திலெல்லாம் மிச்சம் பிடித்த மரத்தை இங்கே தாராளமாகச் செலவிடலாம். பதினெட்டு மில்லிமீட்டர்ப் பிளைவுட் இதற்கு உத்தமம். கைப்பிடியையும் பொத்தானையும் வாங்கும்போதே இந்தக் கனம் நினைவில் இருக்க வேண்டும். ஜப்பானிய முறைப் பொத்தானுக்கு முப்பது மில்லிமீட்டர்த் துவாரம் வேண்டும். அதன் பக்கவாட்டில் உள்ள சிறு பிளாஸ்டிக் பற்கள் மெல்லிய தகட்டைக் கவ்விக்கொள்வதற்காகச் செய்தவை. கனத்த மரத்தில் அவற்றுக்குக் கவ்வ இடமில்லை. விரலால் தட்டத் தட்டப் பொத்தான் தளர்ந்து மேலே வந்துவிடும். அமெரிக்க முறைப் பொத்தானோ நீண்ட மறையோடு வருகிறது. மேலிருந்து செருகி, கீழிருந்து வளையத்தைத் திருகினால் மரத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். ஜப்பானியக் கைப்பிடியின் தண்டும் அவ்வாறே, கனத்த பலகைக்குள் புகுந்து மேலே வரும்போது குட்டையாகிவிடும். அதை விரும்புகிறவர்கள் பலகையின் அடியில், கைப்பிடியின் அடித்தட்டு உட்காரும் அளவுக்கு, உளியால் ஒரு குழி எடுத்துப் பதிக்க வேண்டும்.

பொத்தானைக் கவிழ்த்துப் பார்த்தால், அடியில் தீப்பெட்டியைவிடச் சிறிய மைக்ரோசுவிட்ச் ஒன்றும், அதில் உலோகத் தகடுகளும் தெரியும். ஒரு தகட்டுக்குத் தனிக் கம்பி. மற்றொன்றுக்கு, எல்லாப் பொத்தான்களையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டுச் செல்லும் பொதுக் கம்பி. தனிக் கம்பிகள் எல்லாம் ஓர் என்கோடர் அட்டையில் சென்று சேர, அந்த அட்டை யு.எஸ்.பி. வழியாகக் கணினிக்குச் செய்தி சொல்லும். பொத்தானை அழுத்துகையில் உள்ளே வில் மடங்கி எழும்புகின்ற ‘டிக்’ என்ற ஒலியும், விரலுக்குத் தட்டுப்படுகின்ற அந்தச் சிறு எதிர்ப்பும் இல்லாமல், திரை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் ஆர்க்கேட் அனுபவம் கிட்டாது. பாக்மேன் ஆட விரும்புகிறவர் இன்னொன்றும் செய்ய வேண்டும்: கைப்பிடியின் அடியிலுள்ள தடுப்புத் தகட்டை நான்கு திசைக்கு மாற்றி வைத்துக்கொள்ள வேண்டும். அந்த விளையாட்டுக்கு மூலைத் திசை கிடையாது. எட்டுத் திசைக் கைப்பிடியில் ஆடினால், திரும்ப வேண்டிய சந்தியில் கை மூலைக்குச் சரிந்து, பாக்மேன் தயங்கி, பேயின் வாயில் விழுந்துவிடும்.

கணினியைப்பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிறுவர்களுக்கு நிரல் எழுதக் கற்பிப்பதற்காக இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உருவாகி, 2012-இல் வெளிவந்த ராஸ்பெரி பை, உள்ளங்கைக்குள் அடங்குவது. எண்பதுகளின் விளையாட்டுகளுக்கு அதன் பிற்காலப் பதிப்புகள் தாராளம். பழைய இயந்திரங்களின் மின்சுற்று நடந்துகொள்ளும் விதத்தை மென்பொருளால் அப்படியே நடித்துக் காட்டும் மேம் என்னும் நிரலை, இத்தாலியரான நிக்கோலா சால்மோரியா 1997-இல் வெளியிட்டார். அழிந்துபோகவிருந்த ஒரு கலையைக் காப்பாற்றிய பெருமை அதற்கு உண்டு. ஆனால் மேம் இலவசம் என்பதால் விளையாட்டுகளும் இலவசம் என்று எண்ணிவிடலாகாது. அவற்றின் உரிமை இன்னும் உரியவர்களிடமே இருக்கிறது. காப்காம் போன்ற நிறுவனங்கள் தங்கள் பழைய விளையாட்டுகளைத் தொகுத்து முறையாக விற்கின்றன. அவற்றை விலை கொடுத்து வாங்கி ஆடுவதே, அவற்றைப் படைத்தவர்களுக்கு நாம் காட்டும் மரியாதை.

கடைசியாக உயரம். நின்று ஆடுகிற பெரியவருக்குக் கைப்பலகை தரையிலிருந்து மூன்றடிக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். முழங்கை லேசாக மடங்கியிருக்க, உள்ளங்கை பலகையில் படிய வேண்டும். திரை சற்றே பின்சாய்வாக இருந்தால் கழுத்து வலிக்காது. எட்டு வயதுக் குழந்தைக்கு அந்த உயரம் எட்டாது. முக்காலியில் ஏற்றி நிறுத்துவதோ அபாயம். மேற்பாகத்தைத் தனியாகச் செய்திருப்பவர்கள், மீந்த பலகையில் குட்டைப் பீடம் ஒன்றும் செய்து வைத்துக்கொள்ளலாம். விடுமுறை நாட்களில் பகல் முழுவதும் பெட்டி குட்டைப் பீடத்தில் குழந்தைகளோடு இருக்கட்டும்; அவர்கள் உறங்கப் போனபின் நான்கு போல்ட்டைக் கழற்றி, உயரப் பீடத்துக்கு மாற்ற ஐந்து நிமிஷம் ஆகும்.