இரண்டு மனுக்கள்



சாதி மறுப்புத் திருமணம் பற்றிப் பேசச் சொன்னீர்கள். நான் நடக்காமல் போன ஒரு திருமணத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

என் தாத்தா இலங்கையில் ஹட்டனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1971ல் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினார். மண்டபம் முகாமிலிருந்து கோத்தகிரிக்கு அனுப்பினார்கள். அங்கே அவருக்குப் பெயர் ‘சிலோன்காரர்’.

பாட்டி இறந்து மூன்று வருடம் கழித்து, 2018ல், “ஒருதடவை தோட்டத்தைப் பாத்துட்டு வந்துடணும்” என்றார். கூடவே போனேன். ஓர் ஆளையும் பார்க்கத்தான் போகிறார் என்பதை ஹட்டன் போகும் கோச்சியில்தான் சொன்னார். ரயிலை அவர் இன்றும் கோச்சி என்பார்.

நாங்கள் பறையர். அந்த அம்மா கங்காணி வீட்டுப் பெண். ஒரே தோட்டம்தான், ஆனால் லயம் வேறு வேறு. இருவரையும் பிரித்தது சிரிமா–சாஸ்திரி ஒப்பந்தம் என்றுதான் தாத்தா நம்பியிருந்தார். நானும்தான். 1964 அக்டோபர் 30ல் இரண்டு பிரதமர்கள் கையெழுத்திட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974ல் ஆளுக்குப் பாதி. ஆட்டு மந்தையைப் பங்கு பிரிப்பது போல. அந்த மக்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் ஆய்வேட்டில் இரண்டு இயல்கள் இந்தக் கோபத்தில் எழுதியவைதான்.

அந்த அம்மாவும் கணவரை இழந்தவர். தேத்தண்ணி கொடுத்தார். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். தாத்தா சொன்னார். பிறகு இருவரும் பேசவே இல்லை. நான்தான், ஆய்வாளர் புத்தி, கேட்டேன்: “ஒப்பந்தம் வராம இருந்திருந்தா?”

சிரித்தார். “ஒப்பந்தம் என்ன செஞ்சுச்சு? எங்கப்பாவும் இந்தியாவுக்குத்தான் மனுப் போடுறதா இருந்தாரு. இவுக வீட்டு மனு இந்தியாவுக்குன்னு பிரட்டுக்களத்துல பேசிக்கிட்டாங்க. கேட்டதும் எங்க மனுவ சிலோனுக்குப் போட்டுட்டாரு. நடுவுல கடல் கெடந்தா நமக்கு நிம்மதின்னாரு.”

“நீ ஏன் சொல்லல?” என்றார் தாத்தா.

“யாருகிட்ட சொல்ல? வாசலத் தாண்ட விட்டாத்தானே.”

47 வருடம். தாத்தா ஆறிப்போன தேத்தண்ணியை ஊதிக்கொண்டே இருந்தார்.

தோழர்களே, அந்த ஒப்பந்தத்தின் அநீதியை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1948 சட்டம் கங்காணி வீட்டையும்தான் நாடற்றதாக்கியது. ஆனால் தன் குடியுரிமையே கேள்வியாக இருந்த நேரத்திலும் அந்த மனிதர் முதலில் பார்த்தது எந்த நாட்டில் பிழைக்கலாம் என்பதை அல்ல, சேரிப் பையன் எந்தப் பக்கம் போகிறான் என்பதை. இரண்டு அரசுகள் நீட்டிய படிவத்தை வாங்கி, அதையே லயங்களுக்கு நடுவில் சுவராக்கிவிட்டார். ஒரு குடும்பம் ஏன் இந்த நாட்டைக் கேட்டது என்பது எந்த ஆவணக் காப்பகக் கோப்பிலும் கிடைக்காது. கிழவிகளிடம்தான் கேட்க வேண்டும்.

இதை எழுதியபோது ஒரு மூத்த ஆய்வாளர், “எல்லாருமே பாதிக்கப்பட்டவர்கள், இதில் சாதியை ஏன் இழுக்கிறாய்?” என்றார். நான் இழுக்கவில்லை. அது மனுவிலேயே இருந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் போனில் பேசிக்கொள்கிறார்கள். “இந்த வயசுல ஊரு என்ன பேசும்” என்று மாமா முணுமுணுக்கிறார். தாத்தா ஸ்பீக்கரில் போட்டுச் சத்தமாகவே பேசுகிறார்.