சிபியு ஃபேனைக் கழற்றும் முன்
(கோடைக்காலக் கணினிப் பயிற்சியின் தொடக்க நாளில் ஆற்றிய உரை)

 

நன்கொடையாக வரும் பழைய கணினிகளைச் சரிசெய்து, படிக்கும் பிள்ளைகளின் வீடுகளுக்குக் கொடுத்து வருகிறோம். வெயில் ஏறியதும் ஒரே புகார்தான்: "ஆன் செய்த பத்தாவது நிமிடம் தானாக அணைந்துவிடுகிறது." நம் மாவட்டத்தில் உள்ளே செம்மண் புழுதி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம் உப்புக் காற்று. பிராசஸர் மேலுள்ள ஃபேனில் அழுக்கு அடைத்தால் சூடு வெளியேறாது. சூடு எல்லை மீறினால் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். போர்டு போய்விட்டது என்று பழைய இரும்புக் கடையில் போட்டுவிடாதீர்கள்.

பெரும்பாலும் பிரஷால் தூசி தட்டினாலே போதும். முழுதாகக் கழற்ற வேண்டியிருந்தால்தான் கவனம் தேவை. எங்களுக்கே பட்டுத்தான் புத்தி வந்தது. ஏஎம்டி கணினி ஒன்றில் ஃபேனை நேராக மேலே இழுத்தோம். காய்ந்த பேஸ்ட் ஒட்டிக்கொண்டதால் பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது, பின்கள் வளைந்தன. பிளஸ் டூ படிக்கும் ஒரு பிள்ளைக்காக வைத்திருந்த கணினி அது. வேறு பிராசஸர் கிடைப்பதற்குள் அவளுடைய செய்முறைத் தேர்வே முடிந்துவிட்டது. நன்கொடை கொடுத்தவரின் அமானத்தும் அல்லவா அது!

ஆகவே முதலில் கணினியைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள், பேஸ்ட் இளகும். பிறகு அணைத்து, வயரைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். உடம்பிலுள்ள மின்னேற்றம் போக, பெட்டியின் இரும்பைத் தொடுங்கள். ஃபேன் வயரைக் கழற்றுங்கள். 2004 முதல் வந்த இன்டெல் ஃபேன்கள் பலவற்றில் நான்கு மூலையிலும் பிளாஸ்டிக் பின் இருக்கும். அம்புக்குறி காட்டும் பக்கம் கால் சுற்றுத் திருப்பி மேலே தூக்கினால் விடுபடும். ஏஎம்டியில் கொக்கியை விடுவித்த பின், இழுக்காமல் இடமும் வலமுமாக மெல்லத் திருகுங்கள். பிடி விட்டபிறகே தூக்குங்கள்.

பழைய பேஸ்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைக்க வேண்டும். பெயரைக் கேட்டுத் திடுக்கிடாதீர்கள், அது துடைக்கும் திரவம்தான்! நன்கு உலர்ந்ததும் புதுப் பேஸ்டை நடுவில் சிறிதளவு வையுங்கள். இன்டெல் பின்களைத் திரும்ப மாட்டும்போது எதிரெதிர் மூலைகளாக அழுத்துங்கள். ஃபேன் வயரை மறந்துவிட்டு, "மறுபடியும் அணைகிறது" என்று வந்தவர்களும் உண்டு.

இன்ஷா அல்லாஹ், ஞாயிறு அஸருக்குப் பிறகு ஐந்து பழைய கணினிகளை மேசையில் வைக்கிறோம். பிள்ளைகளே கழற்றிப் பார்க்கட்டும். பெண் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்.