ஊரைவிட்டுப் போகாத விடுமுறை

விடுமுறை வந்துவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்படுவது நம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. திருகோணமலையில் இருப்பவர் நுவரெலியாவின் குளிரை நாடிச் செல்கிறார். கொழும்பில் இருப்பவர் திருகோணமலையின் கடலை நாடி வருகிறார். கல்லோயாச் சந்தியில் இருவருடைய புகையிரதங்களும் ஒன்றையொன்று கடந்து செல்கின்றன என்று சொன்னால், நேயர்களே, அது முழுவதும் வேடிக்கையன்று.

பயணச் செலவைத் தாங்க இயலாத குடும்பங்கள் ஊரிலேயே தங்கிவிடுகின்றன. "எங்கும் போகவில்லையா?" என்று அயலவர் கேட்டால், ஏதோ குற்றம் செய்தவர்போல் தலை குனிகின்றன. தலை குனிய வேண்டியதில்லை என்பதே என் கருத்து. ஆனால் ஊரில் விடுமுறை கழிப்பதற்கும் வீட்டில் சும்மா கிடப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் உணர்தல் வேண்டும்.

துறைமுக நகரத்தில் வாழ்பவர் நாள்தோறும் கடலைக் காண்பார் என்று வெளியூரார் எண்ணுவர். உண்மையில் நாம் காண்பது கச்சேரியையும் சந்தையையும் பாடசாலையையும் ஆஸ்பத்திரியையுந்தான். அலுவல் அழைக்கும் வழியிலேயே கால்கள் செல்கின்றன. உறவினர் எவரேனும் வந்து, அவரை அழைத்துச் சென்று ஊரைக் காட்ட நேரும்போதுதான் நாமும் அதைப் பார்க்கிறோம். விருந்தினர் வராத விடுமுறையில் நமக்கு நாமே விருந்தினராகிப் புறப்பட்டால் என்ன?

விடியற்காலையில், வெயில் ஏறுமுன், பிரட்றிக் கோட்டை வாயிலில் தொடங்கலாம். கோணேசர் கோயிலுக்குச் செல்வோர் அனைவரும் அவ்வாயிலைக் கடந்துதான் செல்கின்றனர். ஆயினும் அங்கே கல்லிற் பொறித்த இரட்டைக் கயல்களையும், அவற்றோடுள்ள சிதைந்த தமிழ்ச் சாசனத்தையும் நின்று பார்த்தவர் எத்தனை பேர்? 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே இக்கோட்டையைக் கட்டினர். 1639இல் அது ஒல்லாந்தர் கைக்கு மாறியது. 1782ஆம் ஆண்டு ஒன்றிலேயே ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியருக்கும், அவர்களிடமிருந்து பிரான்சியருக்குமாக இருமுறை கைமாறியது. 1795இல் பிரித்தானியர் அதனை மீண்டும் கைப்பற்றினர். இத்தனை பேர் போட்டியிட்ட இடத்தில் இன்று புள்ளிமான்கள் அச்சமின்றி மேய்கின்றன.

அங்கிருந்து ஏறினால் கோணமாமலை. ஞானசம்பந்தர் இராமேசுவரத்தில் இருந்தவாறே இத்தலத்தைப் பாடினார் என்று பெரியபுராணம் கூறும். அவர் காணாமலே பாடினார், நாமோ அருகிலிருந்தும் காண்பதில்லை! மலையின் விளிம்பில் இராவணன் வெட்டு என்னும் பிளவின் அருகே நின்று கீழே நோக்கினால் நீலக்கடல் கொந்தளிப்பது தெரியும். அந்நீருக்கடியில் பழைய கோயிலின் கற்கள் கிடக்கின்றன. 1956இல் ஆங்கில எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் மூழ்கி அவற்றைக் கண்டனர். அதற்கு முன்பே, 1950இல், நகரில் கிணறு வெட்டியபோது மண்ணுக்குள்ளிருந்து பழைய தெய்வத் திருவுருவங்கள் வெளிப்பட்டன. 1963இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. பிள்ளைகளுக்கு வரலாற்றுப் பாடம் கற்பிக்க இதைவிடச் சிறந்த வகுப்பறை எங்கே கிடைக்கும்?

இறங்கி வரும் வழியில் நகரின் பழைய ஆங்கிலேயர் மயானத்தையும் எட்டிப் பார்க்கலாம். ஜேன் ஒஸ்ரின் என்னும் புகழ்பெற்ற நாவலாசிரியையின் இளைய சகோதரர், கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஒஸ்ரின், 1852இல் பர்மாவில் நோயுற்று இறந்தபின் இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். நம் பட்டணத்து மண்ணில் யார் யாரெல்லாமோ துயில்கின்றனர்.

கன்னியா வெந்நீரூற்றைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏழு கிணறுகளிலும் ஏழு விதமான வெப்பம். காலையில் நீராடிவிட்டு நண்பகலுக்குள் வீடு திரும்பலாம்.

இவ்வளவு அருகில் இருந்தவற்றை ஊர்மக்கள் பாராதிருந்ததற்குச் சோம்பல் மட்டும் காரணமன்று. இத்துறைமுகம் நெடுங்காலமாகப் பிறருடைய கப்பல்களுக்கே பயன்பட்டது. 1957 வரை உட்துறைமுகம் பிரித்தானியக் கடற்படையின் தளமாக இருந்தது, இன்று நம் நாட்டுக் கடற்படை அங்கே இருக்கிறது. சீனன்குடாவின் பெரும் எண்ணெய்க் குதங்களும் போர்க்கப்பல்களுக்காக எழுந்தவையே. அவற்றின் பொருட்டு 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் வந்து குண்டு பொழிந்தபோது, நடுங்கியது ஊர் முழுவதுந்தான். பின்னர் உள்நாட்டுப் போர்க்காலம் வந்தது. சோதனைச் சாவடிகளும் ஊரடங்குச் சட்டமும் வந்தன. மீனவர் நினைத்த நேரத்தில் வள்ளத்தைத் தள்ள இயலாத காலம் அது. அப்போதும் நாம் வீட்டில்தான் இருந்தோம். அதனை ஓய்வு என்று எவரும் சொல்லார், அடைபட்டிருந்தோம் என்பதே பொருந்தும். 2009இல் போர் முடிந்தபின் ஒரு தகப்பன் தன் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு காரியமும் இல்லாமல், மாலை முழுவதும் கடற்கரையில் நடக்க முடிந்ததே, அதன் அருமையை வெளியூரிலிருந்து நிலாவெளிக்கு வந்து போகிறவர் முழுவதும் அறியமாட்டார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஊரிலேயே விடுமுறை என்னும்போது ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஓய்வு கிடைக்கிறது. வீட்டுப் பெண்களுக்கோ எல்லாரும் வீட்டில் இருப்பதால் அடுப்பு வேலை இரட்டிக்கிறது! இது நியாயமன்று. வெளியூர் சென்றால் கடையில் உண்கிறோம் அல்லவா? உள்ளூரிலும் இரண்டொரு நாள் அவ்வாறு செய்தால் குறைந்துபோக மாட்டோம். அல்லது முதல்நாள் மாலையில் எல்லாரும் கூடிக் கட்டுச்சோறு ஆயத்தம் செய்யலாம். தேங்காய் துருவ ஆண்களுக்கும் தெரியும், தெரியாவிட்டால் விடுமுறையிற் பழகட்டும்.

கட்டுச்சோறு கையிலிருந்தால் கொட்டியாரக் குடாவைச் சுற்றி மூதூர் வரை போய்வரலாம். மகாவலி கங்கை கடலொடு கலக்கும் பக்கம் அது. 1660இல் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கில மாலுமி, கண்டியரசனின் ஆட்களிடம் அகப்பட்டதும் அங்கேதான். பத்தொன்பது ஆண்டுகளுக்குமேல் சிறையிருந்து, தப்பிச்சென்று, 1681இல் அவர் எழுதி வெளியிட்ட நூல் இலங்கையைப் பற்றி இன்றும் படிக்கப்படுகிறது.

மூதூருக்குப் போகும் வழியில் கிண்ணியாப் பாலம் இருக்கிறது. 2009இல் அது திறக்கப்படுமுன் அவ்விடத்தில் படகுப் பாதைதான் துணை. காற்றும் மழையும் கூடிய வாடைக் காலத்தில், பிள்ளைத்தாய்ச்சியையும் நோயாளியையும் கரையில் வைத்துக்கொண்டு அதன் வருகைக்காகக் காத்திருந்தவர்கள் கிண்ணியாவிலே பலர் உள்ளனர். இன்றைய சிறுவர் பஸ் வண்டியில் ஓரிரு நிமிடத்தில் அதனைத் தாண்டிவிடுகின்றனர். விடுமுறையில் ஒருநாள் பாட்டனாரையும் உடன் அழைத்துச் சென்று பாலத்தடியில் இறங்குங்கள். படகு எந்தத் துறையில் வந்து அணைந்தது என்பதை அவர் கைநீட்டிக் காட்டட்டும்.