தராசு நின்றுவிட்டால் என்ன செய்வது?

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய நல்வாழ்வுக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை)



நூற்றாண்டு விழாவில் பேச எத்தனையோ விடயங்கள் இருக்க, உடம்பின் நிறையைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். இன்று காலை இந்த மண்டப வாசலில் நாம் ஒருவரையொருவர் எப்படி வரவேற்றோம் என்று எண்ணிப் பாருங்கள். "என்னடி, நல்லா உடம்பு வைச்சிட்டாய்!" "என்ன இப்பிடி மெலிஞ்சு போனீர், ஏதும் வருத்தமோ?" இருபது முப்பது வருடங்களுக்குப் பிறகு காணும் தோழியிடம் நாம் முதலில் கேட்பது அவளுடைய உடம்பைப் பற்றித்தான். ஆகவே இந்த விடயத்தை நாங்கள் புதிதாக மேடைக்குக் கொண்டுவரவில்லை. அது வாசலிலேயே தொடங்கிவிட்டது.

எங்களில் சிலர் மருத்துவத் துறையில் பணியாற்றியவர்கள். சிலர் மனையியல் கற்பித்தவர்கள். இந்தக் கருத்தரங்குக்கு என்ன கேள்வி இருக்கிறது என்று சகோதரிகளிடம் விசாரித்தபோது, திரும்பத் திரும்ப வந்தது ஒரே கேள்விதான். "சோற்றைக் குறைத்தோம். தேத்தண்ணிக்குச் சீனியை விட்டோம். விடிய எழும்பி நடக்கிறோம். முதல் மூன்று மாதம் நிறை இறங்கியது. பிறகு தராசு அசையவே இல்லை. எங்கே பிழை விட்டோம்?"

எங்கள் பதில், பெரும்பாலும் பிழை ஒன்றும் இல்லை என்பதுதான். உடம்பு தனக்குத் தெரிந்த வேலையைச் செய்கிறது. அது என்ன வேலை என்று விளங்கிக்கொண்டால் மனம் சோர வேண்டியதில்லை. அடுத்து என்ன செய்வதென்பதும் தெளிவாகும்.

அந்த வேலையை யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த எங்களுக்கு விளக்குவது சுலபம். 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பெற்றோல் இல்லை, மண்ணெண்ணெய் அரிது, சீனி அரிது. பாடசாலைக்கும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் சைக்கிள்தான். 1995 ஒக்ரோபர் இறுதியில், கைக்குழந்தைகளோடும் வயோதிபர்களோடும் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தோம். அன்று நிறை குறைப்பதைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. குறைவாக உண்டு நிறைய நடந்த அந்த நாட்களில், கையிருப்பை எண்ணி எண்ணிச் செலவழித்து எங்களைக் காப்பாற்றியது எங்கள் உடம்புதான். உணவு குறைகிறது என்று கண்டால் செலவைச் சுருக்கு, பசியைக் கூட்டு, கொழுப்பைக் காப்பாற்று என்பது அதன் பழைய பாடம். இன்று நாமாக விரும்பிச் சாப்பாட்டைக் குறைக்கிறோம் என்பது அதற்குத் தெரியாது. இதுவும் ஒரு தட்டுப்பாடு என்றே அது நினைக்கிறது.

இது ஆராய்ச்சியில் தெளிவாகக் கண்ட விடயம். 1944, 1945ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்ற அறிஞர், தாமாக முன்வந்த 36 ஆண்களுக்கு 24 வாரங்கள் அரைப்பட்டினிச் சாப்பாடு கொடுத்து ஆராய்ந்தார். அவர்கள் நடப்பதையும் விடவில்லை. உடல் நிறையில் ஏறக்குறைய கால்வாசி குறைந்தது. ஆனால் ஓய்வாக இருக்கும்போது உடம்பு எரிக்கும் சக்தி, நிறை குறைந்த அளவையும் தாண்டி, 40 சதவீதம் அளவுக்கு இறங்கிவிட்டது. அண்மைக் காலத்தில், அமெரிக்கத் தொலைக்காட்சியில் நடந்த நிறை குறைப்புப் போட்டி ஒன்றில் பங்குபற்றிய 14 பேரை கெவின் ஹோல் என்ற ஆய்வாளரின் குழு ஆறு ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்து, 2016இல் முடிவை வெளியிட்டது. இழந்த நிறையில் பெரும்பகுதி பலருக்குத் திரும்பி வந்திருந்தது. ஆனாலும் அவர்களின் உடம்பு, அந்த நிறைக்கு எதிர்பார்க்கப்படுவதைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே எரித்துக்கொண்டிருந்தது. வேகமாக இறக்கியவர்களை உடம்பு அவ்வளவு காலமாகியும் மறக்கவில்லை.

பசிக்கும் இதே கதைதான். கொழுப்புக் கலங்கள் லெப்டின் என்ற ஓமோனைச் சுரந்து, கையிருப்புப் போதும் என்று மூளைக்குத் தகவல் அனுப்புகின்றன. இது 1994இல்தான் கண்டறியப்பட்டது. கொழுப்புக் குறைந்தால் அந்தத் தகவலும் குறைகிறது. மூளை பசியைக் கூட்டுகிறது. குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் நாளாந்தச் செலவு 20 முதல் 30 கலோரி வரை இறங்குகிறது என்றும், பசியோ 100 கலோரி அளவுக்கு ஏறுகிறது என்றும் ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். தராசு நிற்பதற்கு முக்கிய காரணம் இந்த இரண்டாவது எண்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 78 கிலோ நிறையுள்ள ஒருவர் தினமும் 500 கலோரி குறைத்துச் சாப்பிடத் தொடங்கி, சில மாதங்களில் 71 கிலோவுக்கு வந்துவிட்டார் என்று வையுங்கள். ஏழு கிலோ குறைந்ததால் உடம்பின் செலவு 175 கலோரி அளவுக்குக் குறைந்துவிட்டது. மிச்சம் 325. இப்போது பசி கூடியிருப்பதால், அவர் அறியாமலே சில விடயங்கள் நடக்கின்றன. சோற்றில் அரைக் கோப்பை கூடுகிறது, அது 100 கலோரி. வீட்டுக்கு வந்தவரோடு சேர்ந்து ஒரு பால்தேத்தண்ணி, சீனியோடு, இன்னொரு 100. இடியப்பத்துக்கு இரண்டு கரண்டி தேங்காய்ச் சம்பல், 70. பின்னேரம் ஒரு பிடி மிக்சர், 55. கூட்டிப் பாருங்கள், 325. வரவும் செலவும் சரி, தராசு நிற்கிறது. இவர் சோம்பேறியும் இல்லை, பொய் சொல்பவரும் இல்லை. நாட்குறிப்பில் எழுத முடியாத அளவு சின்னச் சின்ன விடயங்கள் அவை.

நடை மட்டும் ஏன் போதவில்லை என்றும் கேட்கிறார்கள். முக்கால் மணி நேர நடை 150, 180 கலோரியை எரிக்கும். நடை முடிந்து ஒரு வடையும் ஒரு பால்தேத்தண்ணியும் எடுத்தால் அது நிரம்பிவிடும். நடப்பதை விடச் சொல்லவில்லை. நடையின் பலன் வேறு இடத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

இனி என்ன செய்யலாம்?

முதலில், உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று பாருங்கள். முதல் இரண்டு வாரங்களில் வேகமாக இறங்குவது பெரும்பாலும் தண்ணீர். அந்த வேகம் பிறகு இராது. மாதவிடாய்க்கு முன்பும், உப்புக் கூடிய சாப்பாட்டுக்குப் பிறகும் ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்கும். நான்கு வாரம் முழுதாக அசையாவிட்டால் மட்டுமே நின்றது என்று கொள்ளுங்கள். தராசோடு அளவு நாடாவையும் பாவியுங்கள். எங்களைப் போன்ற தெற்காசியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றரைத் தாண்டக்கூடாது என்பதே வழிகாட்டல். தசை கூடி, வயிற்றுக் கொழுப்புக் குறையும்போது தராசு ஒன்றும் சொல்லாது; நாடா சொல்லும்.

இரண்டாவது, ஒரு வாரத்துக்கு மட்டும், வாயில் போடும் எல்லாவற்றையும் போடும்போதே எழுதுங்கள். பிள்ளையின் கோப்பையில் மிஞ்சியதும், சமைக்கும்போது உப்புப் பார்த்ததும் அடங்கலாக. ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் 120 கலோரி. நாலு தேத்தண்ணிக்கு மும்மூன்று தேக்கரண்டி சீனி போட்டால் ஏறக்குறைய 50 கிராம். உலக சுகாதார நிறுவனம் விரும்பத்தக்கதாகச் சொல்வது நாளுக்கு 25 கிராம் அளவுதான்.

மூன்றாவது, இன்னும் பட்டினி கிடக்காதீர்கள். நின்றுவிட்டது என்ற பயத்தில் காலைச் சாப்பாட்டையும் விட்டால், கொழுப்போடு தசையும் கரைகிறது. உடம்பு இன்னும் சுருக்கிக்கொள்கிறது. சாப்பாட்டுக் கோப்பையை மாற்றி அமையுங்கள். பாதிக் கோப்பை மரக்கறியும் கீரையும். முருங்கையிலை, வல்லாரை, முசுட்டை எல்லாம் எங்கள் வேலியிலும் வளவிலும் வருபவை. கால்வாசி மீன், முட்டை, பருப்பு, பயறு, கடலை. மீதிக் கால்வாசி சோறு அல்லது பிட்டு. வெள்ளை மாப் பிட்டுக்குப் பதிலாகக் குரக்கன் பிட்டு வயிற்றில் கூட நேரம் நிற்கும். கனடாவிலும் இலண்டனிலும் இருப்பவர்களும் இந்த அளவை அங்கே கிடைக்கும் உணவில் வைத்துக்கொள்ளலாம். திருக்குறளில் 'மருந்து' என்றோர் அதிகாரம் உண்டு. அதில் பெரும்பகுதி மருந்தைப் பற்றியதன்று, அளவறிந்து உண்பதைப் பற்றியது.

நான்காவது, தசைக்கு வேலை கொடுங்கள். எங்கள் அம்மம்மாமார் துலாவில் தண்ணீர் அள்ளினார்கள், உரலில் இடித்தார்கள், அம்மியில் அரைத்தார்கள். இன்று மோட்டரும் கிரைண்டரும் அந்த வேலையைச் செய்கின்றன. சைக்கிள் போய் ஸ்கூட்டி வந்துவிட்டது. வாரத்தில் 150 நிமிட நடையோடு, குறைந்தது இரண்டு நாள் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கதிரையிலிருந்து கை ஊன்றாமல் பத்துத் தடவை எழுந்து இருங்கள். தண்ணீர் நிரப்பிய போத்தலைத் தூக்கி இறக்குங்கள். முழங்கால் நோவு உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்டுச் செய்யுங்கள். இரவில் ஏழு மணி நேரம் நித்திரை கொள்ளுங்கள். நித்திரை குறைந்தால் பசி கூடும்.

ஐந்தாவது, வைத்தியரிடம் காட்டுங்கள். தைரொயிட் சுரப்புக் குறைவு, சூலகக் கட்டிகளோடு வரும் ஓமோன் மாற்றம், மாதவிடாய் நிற்கும் காலம் ஆகியவை நிறையைப் பாதிக்கும். சில நீரிழிவு மருந்துகள், ஸ்ரீரொயிட் மருந்துகள், மனச்சோர்வுக்கான சில மருந்துகளும் நிறையைக் கூட்டும். அவற்றை நீங்களாக நிறுத்த வேண்டாம்; மாற்ற முடியுமா என்று கேளுங்கள். 35 வயதைக் கடந்தவர்கள் அரசாங்கத்தின் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போங்கள். அங்கே குருதி அமுக்கத்தோடு வேறு முக்கியமான பரிசோதனைகளும் இலவசமாகச் செய்வார்கள்.

வெளிநாட்டுச் சகோதரிகள் புதிய ஊசி மருந்துகளைப் பற்றிக் கேட்கிறார்கள். வைத்தியர் தேர்ந்து கொடுத்தால் அவை பலன் தரும். ஆனால் அவற்றிலும் ஓராண்டு கடந்த பிறகு நிறை ஓரிடத்தில் நிற்கிறது. மருந்தை நிறுத்தினால் இழந்ததில் பெரும்பங்கு திரும்புகிறது. வட்சப்பில் விற்கப்படும் பெயர் தெரியாத மாக்களையும் குளிசைகளையும் மட்டும் தொடவே வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கெட்டுப்போவது உங்கள் ஈரலும் சிறுநீரகமும்.

இப்போது, நடையின் பலன் எங்கே என்று சொல்கிறோம். பாக்கு நீரிணைக்கு அப்பால், சென்னையில், வைத்தியர் ஏ. இராமச்சந்திரன் தலைமையில், நீரிழிவின் எல்லையில் நின்ற 531 பேரைச் சுமார் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 2006இல் முடிவு வெளியானது. வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 100க்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்தியவர்களில் 39 பேருக்கே வந்தது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: இந்த இரண்டாவது குழுவினரின் நிறை குறிப்பிடும்படி குறையவே இல்லை. அவர்களுடைய தராசும் நின்றுதான் இருந்தது. ஆனால் உள்ளே, இன்சுலின் வேலை செய்யும் விதம் மாறியிருந்தது.

சகோதரிகளே, எங்கள் வீடுகளில் சலரோகம் இல்லாத குடும்பத்தைத் தேட வேண்டியிருக்கிறது. கால் விரலை இழந்த மாமாவையும், கண் பார்வை மங்கிய பெரியம்மாவையும், கிழமையில் இரண்டு மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கப் போகும் அயலவரையும் நாமறிவோம். அசையாத தராசைப் பார்த்து மனம் வெறுத்து நடையை நிறுத்துபவர், இந்தக் காப்பையும் சேர்த்துத்தான் நிறுத்துகிறார். எங்களுக்குக் கவலை தருவது இதுதான். ஏழு கிலோ குறைத்து அதைக் கூட்டாமல் வைத்திருப்பவர் தோற்றவர் அல்ல. உடம்பு முழுப் பலத்தோடு எதிர்க்கும்போது நிலையாக நிற்பவர் அவர்.

ஆகவே பழைய மாணவிகளாகிய நாம் சேர்ந்து செய்யக்கூடிய இரண்டு விடயங்களைக் கேட்டு முடிக்கிறோம். ஒன்று, எந்த ஊரில் இருந்தாலும் வாரத்தில் ஒரு நாளாவது இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து நடப்போம். ரொறன்ரோப் பனியில் கடைத்தொகுதிக்குள் நடந்தாலும் சரி, இங்கே கல்லூரி மைதானத்தைச் சுற்றி நடந்தாலும் சரி. தனியே நடப்பவர் தராசு நின்றதும் நிறுத்திவிடுவார். தோழி காத்திருந்தால் வருவார். மற்றது, அடுத்த ஒன்றுகூடலில் ஒரு தோழியைக் கண்டால் அவளுடைய உடம்பைப் பற்றி எதுவும் சொல்லாமல், "எப்பிடிச் சுகமாய் இருக்கிறீரோ? நடக்கப் போறனீரோ? நானும் வரட்டோ?" என்று கேட்போம்.