தேர்தலுக்குப் பின் எஞ்சிய கடமை

அறுத்த கதிரைச் சூடு மிதிக்காது களத்திலே விட்டால், பெய்யும் மழை பயிரிட்டவன் உழைப்பைக் கேட்டுப் பெய்வதில்லை. சட்டமியற்றும் பணியும் அத்தகையதே.

2013ஆம் ஆண்டு யூன் மாதத்தில் எட்வேட் சினோடன் வெளிப்படுத்திய இரகசியப் பத்திரங்கள் ஐக்கிய அமெரிக்காவைத் திடுக்கிடச் செய்தன. தேசியப் பாதுகாப்பு முகவரகம் சொந்த நாட்டு மக்களின் தொலைபேசிப் பதிவுகளை மொத்தமாகத் திரட்டி வந்தமை அம்பலமாயிற்று. திரட்டப்பட்டது பேச்சன்று, யார், யாருடன், எப்போது, எவ்வளவு நேரம் பேசினர் என்னும் விபரமே. ஆயினும், நள்ளிரவில் வைத்தியரை அழைத்தவர் யார், சட்டத்தரணியை நாடியவர் யார் என அறிந்தாலே ஒருவரது அந்தரங்கத்திற் பாதி வெளியாகிவிடுமன்றோ?

இதனைத் திருத்தும் சட்டமூலமொன்றைப் பிரதிநிதிகள் சபை 2014 மே மாதத்தில் 303க்கு 121 என்ற வாக்குகளால் நிறைவேற்றியது. நவம்பர் 4ஆம் நாள் தேர்தல் நடந்தது. செனற் சபையிற் பெரும்பான்மை கைமாறியது. எனினும், புதியவர்கள் சனவரியிலேயே பதவியேற்பர். அதுவரை பழைய சபையே கூடும். அந்த இடைக்காலத்தில் முடிவுறாத சட்டமூலங்கள் அச்சபையோடு மடிந்துவிடும்.

செனற்றர் பற்றிக் லீஹி கொணர்ந்த திருத்தம் நவம்பர் 18ஆம் நாள் வாக்கெடுப்புக்கு வந்தது. விவாதத்தைத் தொடங்க 60 வாக்குகள் வேண்டும், கிடைத்தவை 58. பயங்கரவாத அபாயத்தைக் காட்டிப் பலர் எதிர்த்தனர். பழைய அதிகாரங்கள் நீடிக்குமே என்று ரான்ட் போல் எதிர்த்தார். இரண்டு வாக்குகளால் அவ்வுழைப்பு வீணாயிற்று.

ஆயினும் காலம் அவர்களை விடவில்லை. 2015 மே மாதத்தில் நியூயோர்க்கிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம், சட்டம் இத்தகைய திரட்டலுக்கு இடமளிக்கவில்லை எனத் தீர்த்தது. பழைய விதியும் யூன் 1ஆம் நாள் காலாவதியாயிற்று. மறுநாள் புதிய சபை 67க்கு 32 என்ற வாக்குகளாற் சீர்திருத்தத்தை ஏற்க, அன்றே ஜனாதிபதி ஒபாமா ஒப்பமிட்டார். நவம்பர் 29ஆம் நாளோடு மொத்தத் திரட்டல் நின்றது. அதன்பின் பதிவுகள் கம்பனிகளிடமே இருந்தன. அவற்றைப் பெற நீதிமன்றக் கட்டளை வேண்டியதாயிற்று.

தேர்தல் ஆளை மாற்றும், கடமையை மாற்றாது. முந்திய சபை கைவிட்டதைப் பிந்திய சபை சுமக்கவே நேர்ந்தது. இடையிற் கழிந்த மாதங்களிலோ, குற்றமறியாத மக்களின் பதிவுகள் நாள்தோறும் திரண்டுகொண்டே இருந்தன. தாமதத்தின் விலையைச் செலுத்தியவர் அவரே.